“நம்மட ஆக்கள் ஆரும் ஆடுறாங்களா?”: ஒரு நாடகமும் மூன்று இரவுகளும்

மட்டக்களப்பு நகரில் ஒரு மண்டபம். 250 கதிரை. மாசி மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் 6.30. டிக்கட் 300 ரூபாய்; ஒரு கொத்துரொட்டியின் பாதி விலைகூட வராது. 55 நிமிட நாடகம், 9 நடிகர்கள். பார்க்க வந்தவர்கள் 61 பேர். நடிகர்களின் வீட்டாரையும் மண்டபக் காவலாளியையும் கழித்தால் அது இன்னும் இறங்கும். கதிரை அடுக்கியவன் நான். அடுக்கியவனே திரும்ப மடிக்கவும் வேண்டும் என்பதால் கணக்கு எனக்கு மறக்காது.

எங்கள் குழு சின்னது. இரண்டு ஆசிரியர்கள், ஒரு வங்கி ஊழியர், தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர். நாடகம் நுண்கடன் பற்றியது. கிழமைக்கு ஒருதரம் வாசலில் வந்து நிற்கும் பொடியன், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கும் பெண், காதில் கிடந்த தோடு அடகுக்கடைக்குப் போகும் காட்சி. மட்டக்களப்பில் இந்தக் கதை தெரியாத ஒழுங்கை கிடையாது. அதனாலேயே சனம் வரும் என்று நம்பினோம்.

அன்றிரவு மண்டபத்துக்கு வெளியே பிளேன்டீ குடித்துக்கொண்டு நாங்கள் பேசியதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ‘சனத்துக்கு ரசனை செத்துப்போச்சு’, ‘சீரியல் விடாது’, ‘போனைக் கையில் கொடுத்தால் உலகமே தேவையில்லை’. நானும் தலையாட்டினேன். ஆனால் டிக்கட் புத்தகங்களின் அடிக்கட்டைகள் என் பையில்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து எண்ணினேன். விற்ற டிக்கட் 143.

அதாவது, காசு கொடுத்த 143 பேரில் பாதிக்கு மேல் வரவில்லை. சீரியல் என்ற விளக்கம் இங்கே நொண்டியது. ரசனை இல்லாதவன் 300 ரூபாய் ஏன் கொடுக்கிறான்?

அடிக்கட்டையில் இருந்த பெயர்கள்

அடுத்த மூன்று கிழமை, வகுப்பு இல்லாத பின்னேரங்களில், அடிக்கட்டையைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் போனேன். முப்பது வீடு போயிருப்பேன். இதை ஆய்வு என்று பெரிதாகச் சொல்ல முடியாது. போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, கதை கேட்டேன். முதல் கோப்பைக்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: ‘நேரம் கிடைக்கல்ல’. இரண்டாவது கோப்பைக்குத்தான் வேறு கதை வந்தது.

ஆரையம்பதிப் பக்கத்தில் ஒரு மாமி, என் அம்மாவின் பழைய சிநேகிதி, ஒளிக்காமல் சொன்னார். “காசு தந்திட்டன் தானே மனே, மறுகா என்ன?” அவருக்கு அந்த டிக்கட், கலியாண வீட்டில் உறைக்குள் வைத்துக் கொடுக்கும் காசு மாதிரி. பிள்ளைகள் ஏதோ நல்ல காரியம் செய்கிறார்கள், நம்மால் ஆனது கொடுத்தாயிற்று, கடமை தீர்ந்தது. அவரைப் பொறுத்தவரை அவர் எங்களை ஆதரித்துவிட்டார். நாங்கள்தான் அதை ஆதரவாக எடுக்காமல் வெற்றுக் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

“இதுல நம்மட ஆக்கள் ஆரும் ஆடுறாங்களா?”

“இல்ல மாமி.”

“அப்ப ஆரப் பாக்க வாற?”

நாடகத்தைப் பார்க்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

இன்னொரு பதில் பல வீடுகளில் ஒரே மாதிரி வந்தது: ‘பேச்சு முடிய வருவம் எண்டு இருந்தம்’. இதில் எங்கள் தவறு முழுசாக இருக்கிறது. அழைப்பிதழில் 6.30 என்று போட்டோம். முதன்மை அதிதி வந்தபோது 7.15. மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, அதிதி உரை, இன்னொரு பொன்னாடை. திரை விலகியபோது மணி 8.20. நம்மூர்ச் சனத்துக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 55 நிமிட நாடகத்துக்காக இரண்டு மணித்தியாலம் உரை கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பேச்சு முடிய வருவோம் என்று நினைப்பார்கள், அதற்குள் சோறு ஆறிவிடும், வேட்டி மாற்ற அலுப்பாகிவிடும். அழைப்பிதழில் எட்டு அதிதிகளின் பெயர் இருந்தது. நடிகர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. இதை எனக்குச் சுட்டிக் காட்டியவர் ஒரு மீன் வியாபாரி.

முன்வரிசைச் சோபாவைப் பற்றியும் சிலர் சொன்னார்கள். அது அதிதிகளுக்கு. அதற்குப் பின்னால் உத்தியோகத்தர்கள். பின்கதவால் வந்து பின்வரிசையில் குந்தி இருப்பவர்களுக்கு, யாருடைய வீட்டு விசேஷத்துக்கோ அழைக்காமல் வந்த மாதிரி ஒரு கூச்சம். “விளங்காட்டி என்ன செய்யிற? எல்லாரும் சிரிக்கக்குள்ள நாம சும்மா இருந்தா வெக்கம் தானே” என்றார் ஒரு தம்பி. அவர் ஒரு மேசன். உடுக்கில் தாளம் தப்பினால் பத்து வீட்டுக்கு அப்பால் இருந்து கண்டுபிடிப்பவர். அவருக்கு விளங்காது என்ற பயத்தை நாங்கள்தான் எங்கிருந்தோ கொடுத்திருக்கிறோம்.

கதைப்பொருளைப் பற்றி ஒரு அக்கா சொன்னது என்னை நிறைய நாள் உறுத்தியது. “செவ்வாக்கிழமை எங்கட வாசலில நடக்கிறதக் காசு குடுத்து வேற பாக்கணுமா?” சுனாமிக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் விழிப்புணர்வு நாடகம் என்று எத்தனையோ நடந்தன. கை கழுவுவது, வீட்டு வன்முறை, நுளம்பு, சமாதானம். நல்ல நோக்கம்தான். பார்த்தவர்களுக்குச் சிற்றுண்டிப் பொட்டலமும் கிடைத்தது. அந்த வருடங்கள் இரண்டு பாடத்தைச் சனத்தின் தலையில் ஏற்றிவிட்டன. ஒன்று, நாடகம் இலவசம். மற்றது, நாடகம் என்றால் யாரோ நமக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள். எங்கள் நாடகம் அப்படியில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சுவரொட்டியில் ‘நுண்கடன் பற்றிய ஓர் அரங்கப் பார்வை’ என்று போட்டிருந்தோம். அப்படிப் போட்டால் யார் வருவார்கள்?

வீடு திரும்பும் வழி

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் டிக்கட் வாங்கியவர்களில் ஒருவரும் வரவில்லை. ஒருவர்கூட. இதற்குக் காரணம் தேட அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. நாடகம் முடிய 9.15. அந்த நேரத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் போக பஸ் கிடையாது. ஆட்டோவுக்குக் கேட்கும் காசில் பத்து டிக்கட் வாங்கலாம். மோட்டார் சைக்கிள் இருந்தாலும், உள்ளூர்ப் பாதையில் யானை நிற்கும் காலம் அது. அறுவடை முடிந்த வயலுக்கு இறங்கும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது வாவி கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைக்குக் காத்திருக்கும் தொல்லை போய்விட்டது, இனி நகரமும் படுவானும் ஒன்று என்று எல்லோரும் சொன்னோம். பகலுக்கு அது உண்மை.

பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு நாடகம் பார்த்துவிட்டு வந்தால் ஊர் ஒன்றும் சொல்லாது என்று யாரும் நம்புவதில்லை. கோயில் சடங்கென்றால் அதே பிள்ளை விடிய விடிய நிற்கலாம். அங்கே ஊரே நிற்கிறது, போகும் வழியிலும் ஊரே நடக்கிறது.

இரவில் வெளியே போவதும் ஒரு பழக்கம்தான். கூத்து இந்த மண்ணில் விடிய விடிய ஆடப்பட்டது. பிறகு யுத்தம் வந்தது. 1990 ஆனிக்குப் பிறகு பொழுது பட்டால் கதவைச் சாத்து என்பதுதான் வீட்டுச் சட்டம். கிழக்கில் சண்டை 2007இல் ஓய்ந்தது. அதற்குள் ஒரு தலைமுறை, இரவென்றால் உள்ளே இருக்கும் நேரம் என்று படித்து வளர்ந்துவிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசையும் 13 மணித்தியால மின்வெட்டும் என்று பிறகும் ஏதோ ஒன்று வந்து கதவைச் சாத்தியது. இதையெல்லாம் விட்டுவிட்டு ‘சனம் வீட்டை விட்டு வெளிக்கிடாது’ என்று திட்டுவது லேசு.

சீரியலையும் போனையும் நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் சீரியலைக் காரணம் சொன்ன அதே வீட்டார், பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வருடா வருடம் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர்கள். 18 நாள் சடங்கு. பாண்டவர் வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவநிலைக்குப் போகிறான், கடைசியில் தீ. பாரதக் கதையை ஊரே சேர்ந்து நடிக்கிற இடம் அது. முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இடம் பிடிக்கச் சனம் நெரிகிறது. அதை நாடகம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கோபம் வரும்.

கூத்தின் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். எங்கள் அடுத்த இரவு இதிலிருந்துதான் வந்தது.

மட்டக்களப்பில் ஒரு கூத்து, களரி என்ற வட்ட ஆடுகளத்தில் ஆடும் இரவுக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கதை, கூத்தின் இரண்டு பாணிகளில் வடமோடியா தென்மோடியா என்று முடிவெடுப்பார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை அழைப்பார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பார்த்து, அவரவர் பாட்டு எழுதிய சட்டத்தைக் கொடுப்பார்கள். சட்டம் கொடுக்கும் நாளே ஒரு விசேஷம்தான். பிறகு இரவு இரவாகப் பழக்கம். சதங்கை கட்டும் நாள் ஒன்று. கிழமைக் கூத்து. அடுக்குப் பார்ப்பது. கடைசியாகத்தான் அரங்கேற்றம். அது முடிந்த பிறகும் விடாமல் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டார் பணமும் துணியும் கொடுப்பார்கள். உடுப்புக்காரருக்கும் அண்ணாவியாருக்குமான செலவில் ஆட்டக்காரரின் குடும்பத்துக்கும் பங்கு இருக்கும்.

ஆக, அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றி இருப்பவர்களை வெறும் பார்வையாளர் என்று சொல்ல முடியாது. பழக்கத்தை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள், பாட்டு மனப்பாடமானவர்கள், மகனுக்கோ மருமகனுக்கோ கரப்பு உடுப்புக்குக் காசு கொடுத்தவர்கள். டிக்கட் என்ற ஒன்றுக்கு அங்கே இடமே இல்லை; எல்லோரும் முன்பே கட்டிவிட்டார்கள். இந்தக் கணக்கில் குறையும் உண்டு. ராசா வேஷம் யாருக்கு என்பதில் எந்தத் தாய்வழிக் குடி, எந்தக் குடும்பம் என்ற சண்டை வரும். பெண்கள் வழமையாகக் களரிக்குள் இல்லை. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டு போனார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை. அதில் ஆடியும் எழுதியும் வளர்ந்த மட்டக்களப்பார் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தன் ஆய்வாக்கினார். அந்த முயற்சி இல்லாவிட்டால் கூத்து ‘படிக்காத சனத்தின் ஆட்டம்’ என்ற பெயரோடு கிடந்திருக்கும். அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் வட்டக்களரியைப் படச்சட்ட மேடையாக்கியபோது சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் முன்னால் வந்து இருக்க வேண்டியதாயிற்று. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் வேறு வழியில் போனது. கூத்தை ஊரை விட்டு எடுக்காமல், ஊருக்குள்ளேயே வைத்து, எதை மாற்றலாம் என்று ஆடுகிறவர்களோடு பேசி மாற்றுவது. இரண்டையும் வகுப்பில் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். எங்கள் சொந்த நாடகத்துக்கு வந்தபோது இரண்டும் நினைவில் இல்லை. அழைப்பிதழ் அச்சடிக்கப் போனோம்.

இரண்டாவது இரவு

படுவான்கரையில் ஒரு ஊர். குழுவில் உள்ள தையல் அக்காவின் ஊர் அது. வாசிகசாலை விறாந்தையில் ஒத்திகை வைக்கலாமா என்று கேட்டோம். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் போய்ச் சொன்னோம். அனுமதி தேவையென்று இல்லை. ஆனால் அவருக்குச் சொல்லாமல் அந்த ஊரில் ஒலிபெருக்கி கட்டுவது அழகில்லை. பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி 6.30க்கு முடிக்கிற ஒத்திகை, கிழமைக்கு மூன்று நாள், ஆறு கிழமை. கதவு இல்லாத இடம், யாரும் வரலாம்.

முதல் கிழமை பிள்ளைகளும் ஆடுகளும் வந்தன. இரண்டாவது கிழமை பெண்கள் சிலர் தூணோரம் நின்று பார்த்தார்கள். கடன் கேட்கும் காட்சியை நாங்கள் பழகிக்கொண்டிருந்தபோது ஒருவர் சிரித்துவிட்டார். ஏன் என்று கேட்டோம்.

“கடன்காரப் பொடியன் அப்பிடிக் கத்தமாட்டான் மனே. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கேப்பான். ‘அக்கா, ஒங்களால மத்த அக்காமாரெல்லாம் கட்ட வேண்டி வருமே’ எண்டுதான் சொல்லுவான். அதுதான் குத்தும்.”

நுண்கடன் குழுவாகக் கொடுக்கப்படுகிறது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்பது எங்களுக்கும் தெரியும். பிரதியில் அதை ஒரு வசனமாகக்கூட எழுதியிருந்தோம். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வான் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காட்சியைத் திருப்பி எழுதினோம். அடுத்த நாள் அந்தப் பெண் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார், ‘நான் சொன்னதப் போட்டிருக்காங்களா எண்டு பாப்பம்’ என்று. மூன்றாவது கிழமை இரண்டு பெண்கள் பிற்பாட்டுக்குச் சேர்ந்தார்கள். கூத்து ஆடி ஓய்ந்த ஒரு அண்ணாவியார் மத்தளத்தோடு வந்து இருந்துகொண்டார். அவரை நாங்கள் கேட்கவில்லை. கடன் வசூலிக்கும் பொடியனாக நடித்தவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போக, அந்தப் பாத்திரத்தை உள்ளூர்த் தம்பி ஒருவரிடம் கொடுத்தோம்.

காட்டும் நாளை ஊரே குறித்தது. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் நேரம், வைகாசிச் சடங்குக்கு நேர்ந்து விரதம் இருக்கத் தொடங்க முன். நிலவு நாளாகப் பார்த்தார்கள், யானைப் பயத்துக்கு. அழைப்பிதழ் இல்லை. அதிதி இல்லை. வண்ணக்கர் மட்டும் எழுந்து, ‘பிள்ளைகள் பாடுபட்டிருக்குதுகள், சத்தம் போடாமப் பாருங்க’ என்றார். சனம் பாயோடு வந்து வட்டமாக இருந்தது. எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. அடுக்கக் கதிரை இல்லாததால் எண்ணவும் வழி இல்லை. வாசிகசாலை முற்றம் நிறைந்து வீதியிலும் நின்றார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். நாடகத்தின் நடுவில், தோட்டை அடகு வைத்துவிட்டு அந்தப் பெண் தனியே இருந்து அழும் காட்சி. மத்தளம் நின்றுவிட்டது. எங்கும் அமைதி. கடன் வசூலிக்கும் பொடியன் மெல்ல உள்ளே வருகிறான். அந்த நிமிடம் பார்த்துப் பின்னால் சரமாரியாகப் பட்டாசு. அவனுடைய மாமாமார் கொளுத்தியது. கூத்தில் ஆட்டக்காரரின் வரவுக்குப் பட்டாசு கொளுத்துவது வழமை. நம்மட பொடியன் முதல்முறை களரிக்கு வருகிறான், சும்மா விடலாமா? பெரியப்பா ஒருவர் எழுந்து வந்து ஆயிரம் ரூபாய்த் தாள் குத்திய மாலையை அவன் கழுத்தில் போட்டார். கடன் கேட்க வந்தவனுக்குக் காசுமாலை! நாடகம் நாலு நிமிடம் நின்றது. நெறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரித்துவிட்டாள். பிறகு அந்தத் தம்பி, மாலையைக் கழற்றாமல், அதைத் தடவிக்கொண்டே, சிரித்த முகத்தோடு, “அக்கா, இந்தக் கிழமைக் காசு?” என்றான். அந்தக் கணத்தில் முற்றம் உறைந்தது போல இருந்தது. அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குழுவுக்குள் இதைப் பற்றி இன்றுவரை சண்டை. நெறியாளருக்கு அது ஒரு விபத்து. அந்தச் சனம் நாடகத்தைப் பார்க்கவில்லை, சொந்தக்காரனைப் பார்த்தது என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தன் வீட்டுப் பிள்ளையின் பகுதி முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு போன குடும்பங்களை நானும் பார்த்தேன். முடியும்போது முற்றத்தில் பாதிதான் இருந்தது. அந்தத் தம்பி அடுத்த முறை நடிக்காவிட்டால் அவனுடைய மாமாமார் வருவார்களா? வரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிற்பாட்டுப் பெண்களின் வீட்டார் வருவார்கள், காட்சியைத் திருத்திய அக்காவின் வீட்டார் வருவார்கள். எல்லோரும் முதலில் யாரோ ஒருவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நகர மண்டபத்துக்கு வந்த 61 பேரும் அப்படித்தான் வந்தார்கள்.

காசு

முதல் இரவில் டிக்கட் காசு மண்டப வாடகைக்கே போதவில்லை. டிக்கட் விற்றால் உள்ளூராட்சி மன்றத்துக்குக் களியாட்ட வரி என்று ஒன்று இருக்கிறது, பிரதிக்கு அனுமதி எடுக்கும் அலைச்சல் வேறு. சின்னக் குழுக்கள் பல இலவசமாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். இலவசமாகக் காட்டினால் அனுசரணை தேடவேண்டும், அனுசரணை தந்தவரை மேடையில் ஏற்றவேண்டும், ஏறியவர் பேசாமல் இறங்கமாட்டார். அதிதிகள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்பதற்கு விடை இங்கேதான்.

இரண்டாவது இரவில் டிக்கட் இல்லை. ஒரு கடகத்தைச் சுற்றிவிட்டோம். அதில் விழுந்த காசு ஒலிபெருக்கிக்கு வந்தது. மாதர் சங்கம் தேத்தண்ணி பொறுப்பெடுத்தது. ஒருவர் ஒரு மூட்டை நெல் கொடுத்தார். ஒத்திகை நாட்களில் எங்களுக்குச் சோறு போட்ட வீடுகளின் கணக்கு எந்தக் கொப்பியிலும் இல்லை. சுவிசில் இருக்கும் ஒரு அண்ணா, வெளிச்சத்துக்கான செலவைத் தான் தருவதாகச் சொல்லி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: போனில் நேரடியாகக் காட்ட வேண்டும். காட்டினோம். சிக்னல் வந்து வந்து போனது. முடிந்த பிறகு அவர் எடுத்துப் பேசியது நாடகத்தைப் பற்றியே இல்லை. “பின்னால தெரிஞ்சது எங்கட கிணத்தடி தானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அதே நாடகத்துக்கு நகரத்தில் 300 ரூபாய் கூடுதலாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கூடுதலாக இருந்தது அந்த டிக்கட்டுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்த தூரம்.

மூன்றாவது இரவு

இத்தோடு நிறுத்தினால், ஊருக்குள் போய்ப் பழகினால் சனம் வரும் என்று ஒரு சூத்திரம் கிடைத்துவிடும். மூன்றாவது இரவு அதைக் கெடுத்தது.

அம்பாறைக் கரையோரத்தில், காரைதீவுக்குக் கிட்ட ஒரு ஊர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926இல் மதங்க சூளாமணி என்ற நாடக நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண் என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருந்தோம். அதைப் பார்த்து ஒருவரும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மற்ற எல்லாம் சரியாகச் செய்தோம். ஒரு மாதம் அங்கேயே பழகினோம். உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேர் நடித்தார்கள். அதிதி இல்லை, 6 மணிக்குத் தொடங்கி 7க்கு முடிக்கிற திட்டம். முதல்நாள் இரவு அந்த ஊரில் ஒரு சாவு.

ஊரில் பாதிப் பேர் துடக்குக்காரர். மற்றப் பாதி செத்த வீட்டில். நாளை மாற்றலாம் என்றால் ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, எங்கள் ஆசிரியர்களுக்கு லீவு கிடையாது. காட்டினோம். நடித்த உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேரில் இரண்டு பேருக்கே வரமுடியவில்லை. வந்திருந்த சிறு கூட்டத்தில் பெரும்பாலும் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்கள், ஆசிரியை சொல்லி வந்தவர்கள், கொப்பியும் பேனையுமாக. இந்தப் பாடம் பள்ளிக்கூடங்களில் இருப்பதும், தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாடகமும் கூத்தும் இருப்பதும் இந்தப் பக்கத்து அரங்குக்கு எவ்வளவு பெரிய தூண் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எங்களில் யாரும் சொந்தம் இல்லை. முடிந்த பிறகு இரண்டு பேர் வந்து, மாலையைத் தடவிக்கொண்டே கடன் கேட்ட இடம் பிரதியில் இருந்ததா, நடிகர் செய்ததா என்று கேட்டார்கள். (அந்தக் காசுமாலையை நெறியாளர் நாடகத்திலேயே வைத்துவிட்டார். விபத்து என்று சொல்லிக்கொண்டே.)

ஆட்கள் குறைவு என்று எங்கள் கொப்பியில் அது தோல்வி. ஆனால் மூன்று இரவில் நாடகத்தை நாடகமாகவே பார்த்த கூட்டம் அதுதான். அதே பிள்ளைகள் பாடம் முடிந்து பல்கலைக்கழகமோ வேலையோ என்று போன பிறகு, நாடகம் பார்க்கத் தாமாகவே பஸ் ஏறி வருவார்களா என்பது வேறு விஷயம். நான் படித்த வகுப்பில் பதினாறு பேர். அவர்களில் இன்று நாடகம் பார்க்க வருகிறவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் நான்.

இப்போது

அடுத்த நாடகத்துக்கு மூன்று விஷயம் தீர்ந்திருக்கிறது. நகர மண்டபத்தில் காட்டினாலும் பின்னேரம் 4 மணிக்குத்தான். கடைசி பஸ்ஸைப் பார்த்து முடிக்கும் நேரத்தை வைத்திருக்கிறோம். பொன்னாடை இல்லை. சுவரொட்டியில் கதைப்பொருள் இருக்காது, நடிகர்களின் பெயரும் ஊரும் இருக்கும்.

தீராதது ஒன்று. படுவான்கரை ஊரில் இந்த முறை கூத்துக் கேட்கிறார்கள், வடமோடி, சண்டைக் கதை. எங்களுக்கு நுண்கடனை இன்னும் ஒரு படி எடுத்துப் போக ஆசை. வாசிகசாலையில் இரண்டு கூட்டம் நடந்தது. முன்னிரவில் எங்கள் நாடகம், பிறகு விடியும்வரை கூத்து என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பெண்கள் இருவர் கூத்துக்கும் தங்களுக்குச் சட்டம் வேண்டும் என்கிறார்கள். அண்ணாவியார் இன்னும் வாய் திறக்கவில்லை. ராசா வேஷத்துக்கு மூன்று பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவன், போன முறை காசுமாலை வாங்கிய தம்பி. அவனுடைய மாமாமார் உடுப்புக்காரருக்கு முற்பணம் கொடுக்கத் தயார், அவனுக்குத்தான் ராசா என்றால்.